தீவுகளுக்கு முந்திரிக்கொத்து அனுப்பும் முறையும் அதன் தத்துவச் சிக்கல்களும்: வட்டக்கோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இணையத்தில் பொருள் விற்கிறவர்கள் இந்த வரையறையைக் கைகழுவி நெடுநாள் ஆகிறது. எந்த ஊரின் பின்கோடை அடித்ததும் ‘இந்த முகவரிக்கு டெலிவரி இல்லை’ என்று சிவப்பு எழுத்து எட்டிப் பார்க்கிறதோ, அதுவே அவர்களுக்குத் தீவு. இந்த இரண்டு வரையறைகளுக்கும் நடுவில் கிடக்கும் கடலை முந்திரிக்கொத்து என்ற பலகாரத்தின் துணைகொண்டு அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வட்டக்கோட்டையில் தொடங்கும் ஆய்வு குளச்சல் போர், வி.பி.பி., கடலடிக் கம்பி ஆகியவற்றைத் தொட்டுச் சென்று, அஞ்சுகிராமத்தில் ஒரு வீட்டு அடுக்களையில் முடிகிறது. பொருள் போய்ச் சேராததற்குக் கடல் காரணமில்லை என்பது இறுதியில் நிறுவப்படும்.

1. ஆய்வுக்களத்தின் தகுதி

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டரில், லீபுரம் தாண்டிக் கடலோரமாக நிற்கிறது வட்டக்கோட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசுக்காக டிலனாய் என்ற கப்பித்தான் வலுப்படுத்திய கோட்டை. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மதிலில் ஏறி நின்றால் ஒரு கையை வங்கக் கடலுக்கும் மறு கையை அரபிக் கடலுக்கும் நீட்டலாம் என்று சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்வார்கள். அப்படி நீட்டினால் கிழக்கே இலங்கை, அதற்கும் அப்பால் அந்தமான், மேற்கே லட்சத்தீவு. மதில் உயரத்தில் நிற்கும் மனிதக் கண்ணுக்குத் தொடுவானம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் என்பதால் மூன்றில் ஒன்றும் தெரியாது. ஆய்வுக்கு இதுவே வசதி. தனியார் கூரியர்காரர்கள் பலரும் இந்தத் தீவுகளை இதே கண்ணால்தான் பார்க்கிறார்கள்.

களத்துக்கு இன்னொரு தகுதியும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதே நாளில்தான் அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் யூனியன் பிரதேசங்கள் ஆயின. ஒரே தேதியில் பிறந்த மூவரில் ஒருவருக்கு ‘நாளை மறுநாள் உங்கள் வீட்டு வாசலில்’ என்று குறுஞ்செய்தி வருகிறது. மற்ற இருவருக்கும் ‘மன்னிக்கவும்’ வருகிறது. ஜாதகத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் இதற்கு விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

2. எது தீவு?

முதலில் ராமேசுவரத்தை எடுத்துக்கொள்வோம். நாலு பக்கமும் கடல். பூகோளப்படி சந்தேகமே இல்லாத தீவு. 1914-இல் ரயில் பாலமும் 1988-இல் சாலைப் பாலமும் வந்தன. கூரியர் வண்டி பாம்பன் பாலத்தில் ஏறி இறங்கி மாத்திரை, செருப்பு, மிக்சி எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஆகவே பாலம் உள்ள தீவு வணிகக் கணக்கில் தீவாகாது.

அடுத்தது விவேகானந்தர் பாறை. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர். படகில்தான் போக வேண்டும். 1970-இல் மண்டபம் எழுந்தது. பக்கத்துப் பாறையில் 2000 ஜனவரி 1 அன்று 133 அடி வள்ளுவர் எழுந்தார். 2024 டிசம்பரில் இரண்டு பாறைகளுக்கும் இடையே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலமும் வந்தது. இருந்தும் எந்த நிறுவனமும் ‘பாறைக்கு டெலிவரி இல்லை’ என்று சொன்னதில்லை. காரணம் எளிது. அங்கே நிரந்தரமாக நிற்கிறவர்கள் விவேகானந்தரும் வள்ளுவரும் மட்டுமே. அவர்கள் எதையும் ஆர்டர் செய்வதில்லை. வாங்க ஆள் இல்லாத தீவு வணிகத்தின் கண்ணுக்கு வெறும் பாறை.

மூன்றாவது வகை இன்னும் விசித்திரமானது. பிரிட்டனில் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பகுதியும் லண்டனும் ஒரே நிலத்துண்டில்தான் இருக்கின்றன. சாலை உண்டு, ரயிலும் உண்டு. ஆனாலும் பல விற்பனையாளர்கள் ‘மேட்டுநிலமும் தீவுகளும்’ என்று ஒரே பட்டியலில் போட்டுக் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். சொட்டுத் தண்ணீர் குறுக்கிடாமல் தீவாகிப்போன நிலம் அது. அவ்வளவு தூரம் போவானேன்? பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடந்து போக வேண்டிய காணிப் பழங்குடிக் குடியிருப்புகள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கடலே இல்லாத தீவுகள்.

இவற்றைத் தொகுத்தால் பாலத் தீவு, பாறைத் தீவு, பட்டியல் தீவு என மூன்று வகை கிடைக்கும். முதலிரண்டும் இயற்கை செய்தவை. மூன்றாவதை உண்டாக்குவது ஒரு நட்சத்திரக் குறி. ‘இந்தியா முழுவதும் இலவச டெலிவரி’ என்ற கொட்டை எழுத்தின் தோளில் ஒரு குட்டி நட்சத்திரம் உட்கார்ந்திருக்கும்; பக்கத்தின் அடியில் அதே நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்தால் ‘அந்தமான், லட்சத்தீவு நீங்கலாக’ என்று இருக்கும். முன்பு நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பலைச் செலுத்தினார்கள். இப்போது நட்சத்திரம் போட்டுக் கப்பலை நிறுத்துகிறார்கள்.

3. முன்னோடிகள்

இத்துறையின் மிகப் பழைய உள்ளூர்ச் சான்று 1741-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இலங்கைத் தீவில் நிலைகொண்டிருந்த டச்சுக் கம்பெனி, மிளகு வியாபாரத்தில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோடு ஏற்பட்ட பிணக்கைத் தீர்க்கும் பொருட்டு, வீரர்களையும் பீரங்கிகளையும் கப்பலில் ஏற்றிக் குளச்சலுக்கு அனுப்பியது. போர் வரலாற்றாசிரியர்கள் இதைப் படையெடுப்பு என்பார்கள். நம் துறை நோக்கில் இது தீவிலிருந்து நிலப்பகுதிக்கு அனுப்பிய சரக்கு. பெறுநர் கேட்காமலேயே அனுப்பியது. ஆகஸ்ட் 10 அன்று பெறுநர் சரக்கை மறுத்தார். மறுத்தவர் திருப்பி அனுப்பவும் இல்லை. பிரித்துப் பார்த்ததில் உள்ளே டிலனாய் என்று ஒரு நல்ல உருப்படி இருக்கவே, அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். வலிய கப்பித்தான் என்ற பட்டத்தோடு திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, கோட்டைகளைப் பலப்படுத்தி, 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார் அவர். திரும்பி வராத சரக்கு அனுப்பியவனுக்கு நட்டம், பெற்றவனுக்கு லாபம் என்ற விதி இங்கே முதன்முதலாக மெய்ப்பிக்கப்படுகிறது. ஆய்வாளன் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் இந்த வட்டக்கோட்டை மதிலே அதற்குச் சாட்சி.

இரண்டாவது முன்னோடி வி.பி.பி. 1877-இல் இந்திய அஞ்சல் துறை கொண்டுவந்த முறை. பெட்டி தபால்காரர் கையில் வரும். பணத்தைக் கொடுத்தால் கிடைக்கும். கைக்கடிகாரம், தைலம், ஜோதிடப் புத்தகம், முப்பது நாளில் இந்தி என்று பத்திரிகை விளம்பரங்களின் அடியில் ‘வி.பி.பி.யிலும் அனுப்பப்படும்’ என்ற வரி நிற்கும். இன்றைய கேஷ் ஆன் டெலிவரிக்குத் தாத்தா அது. ஒரு வித்தியாசம் உண்டு: அந்தத் தாத்தா ‘நீ இருப்பது தீவா?’ என்று கேட்டதில்லை. அஞ்சலகம் இருக்கிறதா என்பதோடு அவர் விசாரணை முடிந்துவிடும்.

4. பின்கோடு இயல்

1972 ஆகஸ்ட் 15 அன்று நாட்டுக்கு ஆறு இலக்கப் பின்கோடு வந்தது. வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. கவிஞர் வகுத்த எண் என்பதால் அதில் உட்பொருள் தேடுவது தவறாகாது.

தமிழ்நாடும் கேரளமும் 6-இல் தொடங்குகின்றன. லட்சத்தீவும் அவ்வாறே. கவரத்தியின் எண் 682555. கொச்சி நகரத்து எண்களும் 682 என்றே தொடங்கும். முதல் மூன்று இலக்கத்தோடு வாசிப்பை நிறுத்திக்கொள்கிறவருக்குக் கவரத்தி எர்ணாகுளத்தில் ஒரு பேட்டை என்றே தோன்றும். நடுவில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கடல் இருப்பது நாலாவது இலக்கத்துக்குப் பிறகுதான் தெரியவரும்.

அந்தமானின் கதை வேறு. 7-இல் தொடங்கும் 744. அஞ்சல் நிர்வாகத்தில் மேற்கு வங்க வட்டத்தைச் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அங்கே தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம். ஆக, போர்ட் பிளேரில் முந்திரிக்கொத்துக்கு ஏங்கும் தமிழ்க் குடும்பம் அஞ்சல் உறவில் கொல்கத்தாவுக்குச் சித்தப்பா பிள்ளை. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது, 744101 மாறவில்லை. அரசு மாற்றத் தயங்கும் சில பொருள்களில் பின்கோடும் ஒன்று.

ஆர்டர் படிவத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலையும் கவனிக்க வேண்டும். ஆங்கில அகர வரிசைப்படி அதில் முதலில் நிற்பது அந்தமான் நிக்கோபார். விரல் வழுக்கிய நாகர்கோவில்காரர் ஒரு கணம் அந்தமான்வாசியாகித் திடுக்கிட்டு மீள்வதுண்டு. பட்டியலில் முதலிடம், பட்டுவாடாவில் கடைசியிடம் என்ற பெருமை இந்தப் பிரதேசத்துக்கு மட்டுமே உரியது.

உலகத்தின் மறுகோடியிலும் இந்த இயலுக்கு ஒரு சான்று இருக்கிறது. தெற்கு அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் டா குன்யா என்ற தீவு. இருநூற்றுச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். விமான நிலையம் இல்லை. கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் கப்பலில் போக வேண்டும். அதுவும் ஆண்டில் சில தடவைதான். இணையக் கடைகளின் படிவம் அஞ்சல் குறியீடு இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்ததால் அங்கே ஆர்டர் போடுவதே பெரும்பாடாக இருந்தது. 2005-இல் பிரிட்டிஷ் அஞ்சல் குறியீடு ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. படிவம் நகர்ந்தது. கப்பல் எப்போதும் வருகிறபடியே வந்தது.

5. கம்பியும் கப்பலும்

டிரிஸ்டன் தீவில் குறியீடு செய்த வேலையை நம் தீவுகளில் கடலடிக் கம்பி செய்தது. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபாருக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கண்ணாடியிழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில் வந்தது. ஆகஸ்ட் 10 குளச்சல் போரின் நாளும்கூட என்பதை வாசகர் மறந்திருக்க மாட்டார். இது தற்செயல் என்று சொல்லிவிட்டால் ஆய்வாளனுக்கு வேலை இல்லாமல் போகும் என்பதால் இதைத் ‘தொடர்பு’ என்று குறித்துக்கொள்வோம்.

கம்பிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். 2,300 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ நொடியின் நூற்றில் ஒரு பங்கு போதும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் கப்பலுக்குச் சுமார் மூன்று நாள். இரண்டையும் வகுத்தால், தீவுவாசியின் ஆசை அவர் கேட்ட பொருளைவிட இரண்டு கோடி மடங்குக்கு மேல் வேகமாகப் பயணம் செய்கிறது என்று தெரியவரும். குடோனில் பெட்டி தூங்கும் நேரம் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இன்னொரு கணக்கு மினிக்காய். வட்டக்கோட்டையும் மினிக்காயும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், எட்டு டிகிரியை ஒட்டி இருக்கின்றன. நேர் மேற்கே விரல் நீட்டினால் சுமார் 500 கிலோமீட்டர். ஆனால் பெட்டி நேரே போகாது. முதலில் வடக்கே 300 கிலோமீட்டர் போய்க் கொச்சியைக் கும்பிட வேண்டும். பிறகு தென்மேற்கே 400 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவது பக்கத்தைவிடப் பெரிது என்று யூக்ளிட் சொன்னதற்கு இதைவிடச் செலவு பிடித்த நிரூபணம் கிடையாது.

போய்ச் சேர்ந்தாலும் முடிந்ததா? லட்சத்தீவின் பல தீவுகளில் பவளப் பாருக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு, ஆளையும் சரக்கையும் சின்னப் படகுக்கு மாற்ற வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடல் முரண்டு பிடிக்கும், மரக்கலங்கள் ஓடா. அக்டோபர் முதல் டிசம்பர் வரை முறை வங்கக் கடலுடையது. இரண்டும் ஒருசேரக் கொஞ்சம் அமைதி காப்பது ஜனவரி முதல் மே வரைதான். தீபாவளியோ ஐப்பசியில் வருகிறது. பஞ்சாங்கம் எழுதியவர்கள் டெலிவரியை மனதில் கொள்ளவில்லை.

அந்தமானில் போர்ட் பிளேர் வரை விமானம் உண்டு. சிக்கல் அதற்குத் தெற்கே தொடங்குகிறது. கிரேட் நிக்கோபாரில் கேம்ப்பெல் பே என்ற ஊர். 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. நாட்டின் தென்கோடி நாம்தான் என்று மார்தட்டும் குமரி மாவட்டத்துக்காரர்கள் அடக்கி வாசிக்க வேண்டிய இடமும் அதுவே. அந்தத் தீவின் முனையிலுள்ள இந்திரா முனை 6 டிகிரி 45 நிமிடத்தில் இருக்கிறது. கன்னியாகுமரி 8 டிகிரிக்கு மேலே. நம்மைவிடத் தெற்கே இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்ப நம் பெட்டி முதலில் வடக்கே சென்னைக்குப் போகிறது.

6. ஆய்வுப்பொருள் தேர்வு

குமரி மாவட்டத்திலிருந்து தீவுக்கு என்னத்தை அனுப்பலாம்? தேங்காய் கூடாது, லட்சத்தீவுக்குத் தேங்காய் அனுப்புவது திருநெல்வேலிக்கே அல்வா. கன்னியாகுமரிச் சிப்பிக் கண்ணாடியும் சங்கு மாலையும் அதே ரகம். மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; கப்பல் வரும்வரை கனியாமல் இருக்கும் குறியீடு கிடைக்கவில்லை. மார்த்தாண்டம் தேன் என்றால் ‘திரவமா?’ என்று கேட்டுக் கவுண்டரில் முகம் மாறும். கருப்பட்டி உப்புக்காற்றில் இளகும். நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டில் பாதிக்கு மேல் காற்று. எஞ்சியது முந்திரிக்கொத்து.

செய்முறையை அஞ்சுகிராமத்தில் வீட்டுப் பலகாரம் செய்து விற்கும் ஒரு அக்காவின் அடுக்களையில் பார்த்தேன். சிறுபயறை வறுத்துத் திரித்து, தேங்காயும் ஏலமும் சேர்த்து, பாகு விட்டு உருட்டி, மூன்று மூன்றாக ஒட்டி, மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரிக்க வேண்டும். அன்றைக்கே கட்டக் கூடாது. சூடு முழுக்க ஆறணும், இல்லையென்றால் டப்பாவுக்குள் வேர்த்துப் பூசணம் பிடிக்கும் என்றார். ஆறிய கொத்துகளைப் பட்டர் பேப்பர் விரித்த தகர டப்பாவில் அடுக்கி, அசையாமலிருக்கச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, டப்பாவை அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பழுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார்.

இங்கேதான் பௌதிகம் குறுக்கிடுகிறது. கூரியர் கணக்கில் பெட்டிக்கு இரண்டு எடை: தராசு காட்டுவது ஒன்று, நீளம் அகலம் உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது ஒன்று. எது அதிகமோ அதற்குக் கட்டணம். அக்காவின் பெட்டி 30, 25, 20. பெருக்கினால் 15,000, வகுத்தால் மூன்று கிலோ. உள்ளே இருக்கும் பண்டம் ஒரு கிலோ. பெட்டியையும் டப்பாவையும் தள்ளிப் பார்த்தால், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நாஞ்சில் நாட்டுக் காற்றை, காற்றுக்குக் குறைவே இல்லாத ஒரு தீவுக்குக் காசு கொடுத்து அனுப்புகிறோம்.

பெட்டி கேம்ப்பெல் பே சேர்ந்த பின் அதைப் பெற்ற பையனுக்கும் அக்காவுக்கும் நடந்த தொலைபேசி உரையாடலின் முக்கியப் பகுதி:

“யக்கா, பெட்டி வந்துட்டு.”

“வந்துட்டா மக்ளே? கொத்து எப்படி இருக்கு?”

“கொத்தாட்டு எங்க இருக்கு? எல்லாம் உதுந்து மாவாட்டு கெடக்கு. ருசி மட்டும் போகல்ல.”

“ருசி போகல்லேன்னா பின்ன என்ன? கொஞ்சம் தேங்காயத் துருவிப் போட்டு, நெய் விட்டு உருட்டித் தின்னு. அங்க தேங்காய்க்கா பஞ்சம்?”

விற்பனைக்குப் பிந்திய சேவை குறித்த மேலாண்மை நூல்களில் இவ்வளவு சிக்கனமான தீர்வு காணக் கிடைக்காது. உரையாடல் இத்தோடு நிற்கவில்லை. பெட்டி போர்ட் பிளேருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது, அங்கிருந்து தெற்கே கப்பல் கிடைக்கக் காத்துக் கிடந்ததில்தான் பலகாரம் பழையதானது என்று அந்தப் பையன் சொன்னான். அக்கா உடனே கேட்டார்: “அப்போ உங்களுக்கக் கப்பல் என்னைக்குன்னு முன்னாலயே சொல்லப்பிடாதா? அதுக்குத் தக்க நான் எண்ணெய் வைப்பேனே.”

இத்துறை இதுவரை கேட்கத் தவறிய கேள்வி இதுதான்.

7. மறுப்புகளும் மறுமொழியும்

‘அனுப்பினால் கட்டுப்படியாகாது’ என்பது முதல் மறுப்பு. கட்டுப்படியாகாதென்றால் விலையைச் சொல்லலாம். வாங்குவதா வேண்டாமா என்று தீவுவாசி முடிவு செய்யட்டும். ஸ்பீட் போஸ்ட்டில் எடைக்கும் தூரத்துக்கும்தான் கட்டணம். ‘தீவுக்குத் தனி’ என்று ஒரு பத்தி கிடையாது. 1986-இல் தொடங்கிய சேவைக்குத் தெரிந்த கணக்கு மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

‘வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது?’ என்பது இரண்டாவது. குளச்சல் முன்னுதாரணத்தைப் பார்க்க.

‘பவர் பேங்க், சென்ட், ஸ்பிரே எல்லாம் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களே’ என்பது மூன்றாவது. நியாயமான மறுப்பு, பேட்டரிக்கும் தீப்பற்றும் திரவத்துக்கும் விமானத்தில் கட்டுப்பாடு உண்டு. ஆனால் சேலைக்கும் பாடப்புத்தகத்துக்கும் அதே பதில் வருவதேன் என்பதற்கு அந்தத் தரப்பில் மறுமொழி இல்லை.

‘தீவில் இருப்பவர்கள் அங்கே கிடைப்பதை வாங்கிக்கொள்ளட்டுமே’ என்பது நான்காவது. இதைச் சொன்னவர் தம் செருப்பை டெல்லியிலிருந்து வரவழைத்தவர் என்பதால் மறுமொழி தேவைப்படவில்லை.

8. முடிவுகளும் பரிந்துரைகளும்

நிலப்பகுதிக்காரன் நாளைக் கிழமையால் எண்ணுகிறான். தீவுவாசி கப்பலால் எண்ணுகிறார். நம் படிவங்கள் முழுக்க முதல் கணக்கிலேயே எழுதப்பட்டிருப்பதால்தான் ‘ஐந்து வேலை நாளில்’ என்ற வாக்குறுதி தீவில் பொய்யாகிறது. பொய்யாகும் என்ற பயத்தில் நட்சத்திரக் குறி முளைக்கிறது. தூரம் அவ்வளவு பெரிய தடையில்லை. நேர அட்டவணை தெரியாததே தடை. அது தெரிந்தவர் எப்போதும் மறுமுனையில்தான் இருக்கிறார், கேட்டால் சொல்லிவிடுவார்.

ஆகவே, பின்கோடுக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘உங்கள் கப்பல் என்றைக்கு?’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். கூடுதல் கட்டணம் உண்டென்றால் பணம் கட்டும் பக்கத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பெட்டி பண்டத்தின் அளவுக்கு இருக்க வேண்டும். காற்றை அனுப்பக் கூடாது. கெட்டுப்போகிற பொருளைப் பருவமழை பார்த்து அனுப்ப வேண்டும்.

இப்பரிந்துரைகளை அச்சுக்குக் கொடுக்குமுன் அஞ்சுகிராமத்து அக்காவிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தம் வாட்ஸப் ஸ்டேட்டஸைக் காட்டினார்: ‘முந்திரிக்கொத்து ஆர்டர் எடுக்கப்படும். தீவுக்காரங்க கப்பல் தேதி சொல்லவும்.’ மேற்கண்ட எட்டுப் பகுதிகளையும் அந்த இரண்டு வரிக்கு எழுதிய உரையாகக் கொள்ளுமாறு ஆய்வுலகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.